இறக்கத்தில் தெரியும் இரும்பின் குணம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு பேருந்து இறங்குகிறது. ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து எடை 12 டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1500 மீட்டர். மேலே ஏறுவதற்காக எரித்த டீசலின் பலன் வண்டியில் ஆற்றலாகச் சேர்ந்து இருக்கிறது. கீழே வந்து நிற்பதற்குள் அது வேறு எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால் 17 கோடி ஜூலுக்கு மேல் வருகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் 49 யூனிட். 600 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு.

ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தச் சூடு முழுவதும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் டிரம்களில்தான் சேரும். டிரம்கள் எல்லாம் சேர்ந்து 200 கிலோ வார்ப்பிரும்பு என்று கொள்வோம். காற்று கொஞ்சமும் ஆற்றாவிட்டால் அவற்றின் வெப்பம் 1500 டிகிரியைத் தாண்டிவிடும். வார்ப்பிரும்போ 1200 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நல்லவேளையாக, வீசும் காற்று ஒரு பங்கைக் கொண்டுபோகிறது; கியரில் இருக்கும் என்ஜின் இன்னொரு பெரும் பங்கை இழுத்துப் பிடிக்கிறது. மலைப்பாதை நெடுகக் குறைந்த கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். ஏறுவதற்கு எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்று அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்வதும் இதைத்தான். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர், என்ஜின் சுமக்க வேண்டிய பங்கையும் டிரம்மின் தலையில் கட்டிவிடுகிறார்.

பிரேக்கின் வேலை ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. வண்டி நிற்பது அதன் விளைவு. இப்படிப் பார்த்தால்தான் பிரேக்கில் எந்த உறுப்பை எந்தப் பொருளால் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பது விளங்கும். வலிமை மட்டும் போதுமென்றால் எல்லாவற்றையும் உயர்ந்த ரக எஃகில் செய்துவிடலாம். அப்படி யாரும் செய்வதில்லை.

தொடக்க காலத்தில் மரக்கட்டைதான் பிரேக். 1888-ல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டை தேய்ந்துபோயிற்று. வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டையின் மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங்கின் கதை அங்கிருந்தே தொடங்குவதாக மோட்டார் வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்வதுண்டு. தேயும் பாகம் தனி, தாங்கும் பாகம் தனி. தேய்ந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்றைய காரிலும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

தோலும் பருத்திப் பட்டையும் சூட்டில் கருகின. அடுத்து வந்தது கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ். நெருப்புக்கு அசையாத நார், விலையும் மலிவு. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பிரேக் லைனிங் என்றாலே கல்நார்தான். ஆனால் லைனிங் தேயும்போது கிளம்பும் அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் கல்நாரை முற்றிலும் விலக்கியது. கல்நார் கலக்காத லைனிங்குகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. என்றாலும் எந்த லைனிங்கின் தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதியோ ஏர் அடித்தோ பறக்கவிடும் வழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் அந்தத் தொழிலாளியின் நுரையீரல் தப்பும். கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

இன்றைய லைனிங் ஒரு கலவை. நார்கள், உலோகத் தூள், கிராஃபைட், தாதுப் பொடிகள் எல்லாவற்றையும் ஒருவகைப் பிசினில் பிசைந்து, அழுத்திச் சுட்டு எடுக்கிறார்கள். இரும்போடு உரசும்போது அது காட்டும் பிடிப்பைச் சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவில் வைத்திருப்பதுதான் இதில் கடினமான வேலை. வெப்பம் 300 டிகிரி வாக்கில் போனால் பிசின் சிதையத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் வாயு லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் புகுந்து பிடிப்பைக் குறைக்கும். மலை அடிவாரத்தில் மூக்கைத் துளைக்கும் அந்தக் கருகல் நெடி இந்தப் பிசினுடையது. ஓட்டுநர் மிதிக்க மிதிக்க வண்டி முன்போல் கேட்காது. மெக்கானிக்குகள் இதை ‘ஃபேட்’ என்பார்கள். வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். ஆறட்டும் என்று தண்ணீரை ஊற்றுவதுதான் ஆபத்து. சூடான வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடும்.

அந்த விரிசலில்தான் வார்ப்பிரும்பின் குணம் வெளிப்படுகிறது. ஒரு சாக்பீஸை நிற்க வைத்து மேலிருந்து அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இரண்டு முனையையும் பிடித்து வளைத்தால் பட்டென்று ஒடியும். டிரம்முக்கும் டிஸ்க் என்னும் சுழலும் தகட்டுக்கும் பயன்படும் சாம்பல் நிற வார்ப்பிரும்பும் அந்த ஜாதி. அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது, வளைந்துகொடுக்காமல் நொறுங்கும். காரணம் அதற்குள் இருக்கும் கரி. இரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கரி சேரும்போது, உறைகையில் அது மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து உள்ளெங்கும் பரவுகிறது. இழுக்கும்போது ஒவ்வொரு செதிலின் விளிம்பும் ஒரு விரிசலின் தொடக்கமாகிவிடுகிறது.

பலவீனமென்று தோன்றும் அதே செதில்கள்தான் பிரேக்குக்குப் பலம். சூட்டை விரைவாகக் கடத்துவதால் உரசும் பரப்பில் வெப்பம் தேங்குவதில்லை. அதிர்வை உள்ளேயே விழுங்கிக்கொள்கின்றன. எஃகுத் தகட்டைச் சுத்தியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும்; சாம்பல் வார்ப்பிரும்பைத் தட்டினால் மந்தமான ‘தட்’ மட்டும் கேட்கும். டிஸ்க்கை எஃகில் செய்திருந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் கார்கள் கூச்சலிட்டுத்தான் நிற்கும். கிராஃபைட் வழுவழுப்பானது, ஆகவே தேய்மானமும் சீராக இருக்கிறது. வார்ப்பது எளிது, விலையும் குறைவு. வலிமையில் இரண்டாம் இடத்தில் இருக்கும் ஒரு பொருளை, நூறாண்டு கடந்தும் இந்த இடத்திலிருந்து எதனாலும் முழுசாகத் தள்ள முடியவில்லை.

ஆனால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு இந்த இரும்பு உதவாது. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் காலிப்பரின் இரு கைகளும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அங்கே தேவைப்படுவது இழுப்பைத் தாங்கும் தெம்பும், முறியாமல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குணமும். 1940-களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. உருகிய இரும்பில் மிகச் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால், கரி செதிலாகப் பிரியாமல் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரள்கிறது. உருண்டைக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது, விரிசல் தொடங்க இடமும் கிடையாது. நொறுங்கும் இரும்பு நீண்டு கொடுக்கும் இரும்பாகிறது. கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளில் ‘எஸ்.ஜி. அயர்ன்’ என்று சொல்வது இதைத்தான். மெக்னீசியக் கலவையின் மேல் உருகிய இரும்பை ஊற்றும் அந்தச் சில நொடிகள், கண் கூசும் வெள்ளை வெளிச்சமும் புகையுமாகக் கிளம்பி அடங்கும். அடுத்த சில நிமிடங்களுக்குள் அச்சில் வார்த்தாக வேண்டும். தாமதித்தால் மெக்னீசியத்தின் வேலை வீணாகிவிடும்.

வார்த்தது சரியாக வந்திருக்கிறதா? ஸ்வீடன் நாட்டு உலோகப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900-ல் அறிமுகப்படுத்திய சோதனை இன்றும் வார்ப்படச் சாலைகளில் தினசரி நடக்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினமான ஒரு குண்டை 3000 கிலோ பாரத்தில் சில நொடிகள் இரும்பின் மேல் அழுத்துகிறார்கள். எடுத்தால் ஒரு சிறு குழி. அதன் விட்டத்தைச் சிறு நுண்ணோக்கியில் அளந்து அட்டவணையைப் பார்த்தால் கடினத்தன்மைக்கு ஓர் எண் கிடைக்கிறது. பிரேக் டிஸ்க்குக்கு அது 200-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதிகம் குறைந்தால் சீக்கிரம் தேயும். அதிகம் கூடினால் கடைசல் கருவிக்கு வளையாது, எளிதில் விரிசல் விடும். கடினமானது எல்லாம் உறுதியானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடி இரும்பைவிடக் கடினமானதாக இருக்கலாம். ஓர் அடி விழுந்தால் எது மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் சூட்டோடு சம்பந்தப்பட்டதே. டிரம்மில், சுழலும் கிண்ணத்தின் உட்சுவரை இரண்டு ஷூக்கள் வெளிப்பக்கமாகத் தள்ளி உரசுகின்றன. இதில் ஓர் அழகான அம்சம் உண்டு. சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து, தன் சுவரிலேயே இன்னும் இறுக்கமாக அமுக்கிக்கொள்ளும். சிறிய மிதிக்குப் பெரிய பிடி. கை பிரேக் அமைப்பதும் எளிது. தூசி, சேறு உள்ளே போவதும் குறைவு. குறை என்னவென்றால் சூடு வெளியேற வழியில்லை. சூடேறிய டிரம் விரிந்து, ஷூவை விட்டு விலகிப்போகும். ஓட்டுநரின் கால் முன்னைவிட ஆழமாக இறங்கினால்தான் பிடி கிடைக்கும்.

டிஸ்க்கில் தகடு வெளிக்காற்றில் சுழல்கிறது. இரண்டு பக்கமும் பேடுகள் கவ்வுகின்றன. சூட்டில் தகடு தடித்தாலும் பேடு பக்கமாகத்தான் தடிக்கும், விலகாது. ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் காலத்துப் புழுதிச் சாலையும் கிடைத்த உரசு பொருள்களும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1953-ல் ஃபிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்குகளோடு இறங்கின. டிரம் பிரேக் வைத்திருந்தவர்கள் வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் நெருங்கிவந்து மிதித்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும், இரவு பகலாக, அதே நம்பிக்கையோடு. ஜாகுவாரே வென்றது. அதற்குப் பிறகு கார் உலகம் மெல்ல மெல்ல முன்சக்கரத்தில் டிரம்மைக் கைவிட்டது.

காரிலும் பைக்கிலும் மிதியின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது பிரேக் ஆயில். அழுத்தினால் சுருங்காது என்பதுதான் திரவத்தின் சிறப்பு. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ‘டாட் 3’ ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் காலிப்பர் அந்த அளவு சூடாவது சாதாரணம். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதி பஞ்சுபோல அமிழ்ந்து தரையைத் தொடும், சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. பேடு, டிஸ்க், குழாய் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தும் பிரேக் இல்லாமல் போவது இப்படித்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லும் கையேட்டு வரியை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. சுற்றுலா கிளம்பும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறவர்கள் அந்தச் சிறிய டப்பாவையும் திறந்து பார்க்க வேண்டும்.

லாரி, பேருந்து, ரயிலில் ஆயிலுக்குப் பதில் காற்று. அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மாவிலிருந்து கடற்கரைக்குச் சிறப்பு ரயில் ஒன்று புறப்பட்டது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோர்களுமாகப் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. ஊரைத் தாண்டிய ஏற்றத்தின் உச்சியை நெருங்கும்போது என்ஜின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அந்த ரயிலில் வெற்றிட பிரேக் இருந்தது. ஆனால் என்ஜினோடு இணைப்பு இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். கழற்றிய மறுகணம் பின்பாதியின் பத்துப் பெட்டிகளுக்கும் மிஞ்சியது காவலர் பெட்டியின் கை பிரேக் ஒன்றுதான். சக்கரத்துக்கு அடியில் கற்களை வைத்தார்கள். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னோக்கி நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் இறக்கத்தில் பின்னோக்கி ஓடி, எதிரே வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலின் மேல் மோதின. 80 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள்.

இதைத் தடுக்கும் ஏற்பாடு அப்போதே உலகில் இருந்தது என்பதுதான் வேதனை. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காற்று பிரேக்கையும், 1872-ல் அதன் தானியங்கி வடிவத்தையும் கொண்டுவந்துவிட்டார். அவர் செய்தது எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறானது. காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்பதை மாற்றி, குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும் என்று வைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி உண்டு. குழாய் அழுத்தம் விழுந்ததும் அந்தத் தொட்டியின் காற்று பிரேக்கை அமுக்கிவிடும். ரயில் இரண்டாகப் பிரிந்தால் குழாய் பிரியும், அழுத்தம் விழும், இரண்டு பாதியும் தானே நிற்கும். ஆர்மா விபத்து நடந்த அதே ஆண்டில், பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இன்று இந்திய ரயில்களின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கிறது. அபாயச் சங்கிலியை யாராவது இழுத்தால் அந்தக் காற்றில் ஒரு பகுதி வெளியேறுகிறது. மீதி வேலையை வெஸ்டிங்ஹவுஸின் ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது.

லாரியில் இதே எண்ணத்துக்கு இன்னொரு வடிவம். பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் உருளைக்குள் வலுவான சுருள்வில் ஒன்று சுருங்கிக் கிடக்கிறது. காற்று அதை அமுக்கி வைத்திருக்கிறது. ஓட்டுநர் பார்க்கிங் பிரேக் போடும்போது ‘புஸ்’ என்று வெளியேறுவது அந்தக் காற்று. காற்றுக் கசிந்து அழுத்தம் போய்விட்டாலும் வில் தானே விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அமுக்கிய வில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும்; இதற்கு மீள்தன்மை உயர்ந்த எஃகு வேண்டும். மற்ற இடத்தில் முறியாத எஃகு கூட, ஒரே இடத்தில் லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தால் களைத்து முறியும். 1842-ல் பாரிஸ் அருகே வெர்சாய் பாதையில் ரயில் என்ஜினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் உலோகக் களைப்பைப் பொறியாளர்கள் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்கள். லாரியின் அந்த உருளையைப் பட்டறையில் யாரும் அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் வில் ஆளைக் கொல்லும் விசையுடையது.

நீலகிரி மலை ரயிலில் மனிதக் கைக்கு இன்னும் வேலை இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி வரை ஏறும் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை. என்ஜின் எப்போதும் இறக்கப் பக்கத்தில்தான் நிற்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன்கள் மேடையில் நின்று, கொடி அசைவைப் பார்த்துப் பிரேக்கை இயக்குகிறார்கள்.

சூட்டை இரும்பே தாங்காத இடமும் உண்டு. தரையிறங்கும் பெரிய விமானத்துக்கும் ஃபார்முலா 1 காருக்கும் கரி நார்களைக் கரியாலேயே பிணைத்துச் செய்த டிஸ்க்குகள். 1000 டிகிரியிலும் தளராது, எடையும் குறைவு. அதையே ஊருக்குள் ஓடும் காரில் மாட்டினால் நன்றாக இருக்காதா? இருக்காது. அந்தக் கரிக்குச் சூடேறினால்தான் பிடிப்பே வரும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சந்தில் மிதிக்கும்போது அது வழுக்கிக்கொண்டு போகும்.

மின்சாரக் கார்கள் இந்தக் கதையை எதிர்பாராத பக்கம் திருப்பியிருக்கின்றன. அவற்றில் காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. உரசும் பிரேக்குக்கு வேலை குறைந்துவிட்டது. வேலையில்லாத வார்ப்பிரும்பு டிஸ்க்கில் துரு ஏறுகிறது; உரசல்தான் அதுவரை துருவைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், 2024-ல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐரோப்பாவின் ‘யூரோ 7’ விதி, புகைக்கு மட்டுமின்றி பிரேக்கிலிருந்து உதிரும் தூசிக்கும் முதல்முறையாக வரம்பு விதித்திருக்கிறது. துருப்பிடிக்காத மேற்பூச்சு பூசிய டிஸ்க்குகள் சந்தைக்கு வருகின்றன. ஃபோக்ஸ்வேகன் தன் ஐ.டி.3, ஐ.டி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகாது, தூசி வெளியே வராது, சூடு ஏறும் அளவுக்கு வேலையும் இல்லை. அங்கே அது பொருத்தியிருப்பது டிரம் பிரேக்.